‘புதுசு எடுங்கோ’ என்றொரு தீர்ப்பு

கடந்த மாதம் கிளிநொச்சி மாவட்டத்தின் வட்டக்கச்சியில், என் பெரியம்மாவின் மகள் வீட்டில் மூன்று நாட்கள் தங்கியிருந்தேன். எனக்கு அக்கா முறை. வயது எழுபதை நெருங்குகிறது. நான் போய்ச் சேர்ந்த காலைப் பொழுதில் அவர் கிணற்றடியில் குந்தியிருந்து உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாரத்தைக் கல்லில் போட்டு, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறு முனையை இடக்கையால் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். வலக்கையில் 2009 பெப்ரவரியில் ஷெல் துண்டு பாய்ந்தது. கை தப்பியது; பிடிக்கும் வலு திரும்பி வரவில்லை.

வீட்டின் பின்பத்தியில், பழைய படங்கு ஒன்றால் மூடப்பட்டு ஒரு சலவை இயந்திரம் நின்றது. முன்பக்கம் கண்ணாடிக் கதவுள்ள வகை. கனடாவில் இருக்கும் மகள் பாதிப் பணம் அனுப்ப, மீதியை அக்கா தவணையில் கட்டி முடித்தது. அது வீட்டில் நிற்க இவர் ஏன் கல்லில் தோய்க்கிறார்?

“அது போச்சுது தம்பி. சத்தம் போடுது. கொம்பனியால ஒரு பொடியன் வந்து பாத்தவன். பேரிங் போச்சாம், இந்த மொடலில அது திருத்த ஏலாதாம், புதுசு எடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான்.”

“திறந்து பாத்தவனோ அக்கா?”

“இல்லை. ஒருக்கா ஓடவிட்டுக் கேட்டவன். போனில ரெண்டு படம் எடுத்தவன். வந்ததுக்குக் காசும் வாங்கினவன்.”

“என்ன மாதிரிச் சத்தம்?”

அக்கா சற்றே யோசித்தார். “பிழியத் தொடங்கேக்க ஷெல் குத்துற மாதிரி. குத்து, குத்து, குத்து எண்டு. பேத்திக்கு ஒண்டும் இல்லை. எனக்குத்தான் நெஞ்சு படபடக்கும். அதான் நிப்பாட்டிப்போட்டன்.”

வாசகர்களே, இந்தக் கட்டுரை ஒரு சலவை இயந்திரத்தைப் பற்றியது. ஆனால் ஒரு சலவை இயந்திரத்தோடு முடிந்துவிடும் விடயம் இதுவன்று. ‘புதுசு எடுங்கோ’ என்கிற அந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதவே உட்கார்ந்திருக்கிறேன். திறந்து பாராமல், தொட்டுப் பாராமல், விசாரணையின்றி வழங்கப்படும் இந்தத் தீர்ப்பு இன்று வன்னியின் வீடு வீடாக வழங்கப்படுகிறது. மேன்முறையீடு செய்வார் எவருமில்லை. மேன்முறையீடு செய்யத் தெரிந்த ஒரு சமூகமாக நாம் ஒருகாலத்தில் இருந்தோம் என்பதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம்.

காதால் வாழ்ந்த காலம்

1990 முதல் 2002இல் ஏ9 வீதி திறக்கப்படும் வரை வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தது. வன்னிக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பதை ஒரு பட்டியல் தீர்மானித்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, சவர்க்காரம் என்று அப்பட்டியல் காலத்துக்குக் காலம் நீண்டும் குறுகியும் வந்தது. இவற்றையெல்லாம் நேரில் அனுபவித்தவர்கள் இன்று உலகின் எல்லா மூலைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அவர்களது பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, ஒரு சிறு திரி, சில கரண்டி மண்ணெண்ணெய். அதுதான் விளக்கு. அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலை மட்டும் காபரேற்றருக்குள் விட்டு உயிர்கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டினோம். சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காயப்போட்டால் பழ வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும். அதற்கும் ஓர் ஆள் காவல். உடுப்புத் தோய்ப்பதன் வரலாற்றில் எம்மவர் எழுதிய அத்தியாயம் அது.

எங்கள் தொழிலிலும் அப்படித்தான். பத்திரிகைத் தாள் இல்லாதபோது கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்டோம். அச்சகத்தில் ஒரு மூத்த தொழிலாளி இருந்தார். எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர். இயந்திரத்தின் ஓசை சற்றே மாறினால் போதும், ஒரு நீண்ட திருப்புளியை எடுத்து அதன் முனையை இயந்திரத்தின் உடலில் ஊன்றி, பிடியைத் தன் காதோடு அழுத்திக்கொள்வார். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டுவிட்டு, “இந்தப் பக்கத்துப் பேரிங் வரண்டு போச்சு” என்பார். கழற்றிப் பார்த்தால் வரண்டுதான் போயிருக்கும். புதிய பேரிங்குக்கு வழியில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் தடவி, மீண்டும் பூட்டுவார். மறுநாள் பத்திரிகை வெளிவரும்.

இதை ஒரு பொற்காலமாகச் சொல்ல வரவில்லை. தடையின் கொடுமையால் மருந்தின்றி இறந்தவர்களை நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். பசியைக் கெட்டித்தனத்தின் தாய் என்று புகழ்வது பசித்தவனைப் பழிப்பதாகும். எவரும் அந்த நாட்களை மீண்டும் விரும்பமாட்டார். ஆனால் துன்பத்தைத் தள்ளிவிடும்போது அந்தத் துன்பம் கற்றுத்தந்த கல்வியையும் சேர்த்துத் தள்ளிவிட வேண்டுமென்று யார் சொன்னது?

வன்னி மக்களின் காது எத்தகையதென்று எண்ணிப் பாருங்கள். கிபிர் விமானத்தின் இரைச்சல் வேறு. ஷெல் குத்தும் ஓசை வேறு. ஆளில்லா வேவு விமானத்தின் ரீங்காரம் வேறு. அதற்கு ‘வண்டு’ என்று பெயரே வைத்திருந்தார்கள். ஐந்து வயதுக் குழந்தை இந்த மூன்றையும் பிரித்தறிந்து பதுங்குகுழிக்குள் ஓடியது. ஓசையின் வேறுபாட்டை அறிவது உயிரோடு இருப்பதற்கான தகுதியாக இருந்தது.

அந்த மக்களிடம்தான் இன்று ஒருவன் வந்து, ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, குத்தும் ஓசையை இரைச்சல் என்று சொல்லிப் போகிறான். நாமும் தலையாட்டுகிறோம்.

சத்தம் சொல்லும் சேதி

அன்று பின்னேரம் நான் அந்தப் படங்கை விலக்கினேன். நான் மின்பொறியியலாளன் அல்லன். அச்சகத்தில் பார்த்ததும், வீட்டில் மனைவியின் ஏச்சுக்கிடையே இரண்டு இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டியதுமே என் தகுதி. இதைச் சொல்வது அடக்கத்துக்காக அல்ல. இது எவராலும் இயலும் என்பதற்காக.

சலவை இயந்திரத்தின் சத்தத்தில் முதற்கேள்வி, அது எப்போது வருகிறது என்பது. மெல்லச் சுழன்று தோய்க்கும்போதே கிணுகிணுப்போ உரசலோ கேட்டால், உள்உருளைக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே நாணயமோ, கொழுக்கியோ, உள்ளாடைக் கம்பியோ புகுந்திருக்கிறது. நீர் வெளியேறும்போது மட்டும் கரகரவென்றால், பம்பின் விசிறியில் ஏதோ சிக்கியிருக்கிறது. சுழலத் தொடங்கும்போது கிறீச்சிட்டால் பெல்ற் தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கலாம். வேகம் கூடக்கூட விமானம் எழும்புவதுபோல இரைச்சலும் கூடிக்கொண்டு போனால், அதுதான் பேரிங். அப்படியல்லாமல் பிழியும் சுற்றில் குத்தும் ஓசை எழுந்து இயந்திரமே ஆடி நகர்ந்தால், பேரிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை ஐந்து: கால்கள், உடுப்பின் சமநிலை, தொட்டியைத் தொங்கவிட்டிருக்கும் ஸ்பிரிங், அதிர்வைத் தாங்கும் தண்டுகள், பாரக்கல்.

அக்கா சொன்னது என்ன? ‘ஷெல் குத்துற மாதிரி’ என்றார். கிபிர் மாதிரி என்று சொல்லவில்லை. நோயாளியே நோயைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். கேட்கத்தான் ஆளில்லை.

முதலில் மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றினேன். (இதைச் செய்யாமல் எவரும் கைவைக்க வேண்டாம். ஆளியை அணைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம்.) தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன். கதவைத் திறந்து உள்உருளையின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கினேன், கீழே அமத்தினேன். தொட்டி முழுவதும் சேர்ந்து ஸ்பிரிங்கில் அசைந்தது. அது இயல்பு. உருளை மட்டும் தனியாக, தொட்டிக்குள் டக் டக்கென்று ஆடினால்தான் பேரிங் பழுது. அப்படி ஆடவில்லை. உருளையைக் கையால் சுழற்றிவிட்டு, தொட்டியின் பின்புறம் திருப்புளியை ஊன்றிக் காதை வைத்தேன். மணல் அரைபடும் ஓசை இல்லை. பட்டுப்போல ஓடியது. தொட்டியின் பின்னால் துருநீர் வடிந்த கறையும் இல்லை. பேரிங் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அதற்கு முன்னால் இருக்கும் இறப்பர் சீல் தேய்ந்து தண்ணீர் உட்புகுவதுதான். அப்படிப் புகுந்தால் அந்தக் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆக, மரண தண்டனை வழங்கப்பட்ட குற்றத்தை இந்த இயந்திரம் செய்யவே இல்லை.

மேல்மூடியின் பின்புறம் இரண்டு ஆணிகள். கழற்றிப் பின்னோக்கி இழுத்தால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே தொட்டியின் மேல் ஒரு சீமெந்துக் கல் இருக்கிறது. சலவை இயந்திரத்துக்குள் எதற்குக் கல் என்று பலர் கேட்பார்கள். ஈர உடுப்பு ஒருபக்கம் ஒதுங்கிய நிலையில் உருளை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று வேகத்தில் சுழலும்போது, அந்த உதறலை அடக்கிப் பிடிக்கும் பாரம் அது. கையால் அசைத்தேன். கல் ஆடியது! ஓர் ஆணி பாதி கழன்று நின்றது. மற்றொன்றைக் காணவில்லை, அடித்தட்டில் வாசருடன் கிடந்தது. கல்லின் அடிப்பாகம் தொட்டியில் மோதி மோதி வெள்ளைத் தூளாகியிருந்தது. ஷெல் குத்தியது இங்கேதான்.

கல் ஏன் கழன்றது? இயந்திரத்தின் பின்காலொன்று சீமெந்துத் தரையின் பள்ளத்தில் நின்றது. மூலைக்கு மூலை அமத்திப் பார்த்தால் கதிரைபோல ஆடியது. இன்று வன்னியில் கட்டப்பட்டிருக்கும் வீடுகள் பெரும்பாலும் சிறியவை. இயந்திரத்துக்கென்று இடமில்லாமல் பின்பத்தியிலோ கிணற்றடியிலோ சரிந்த தரையில்தான் அதை நிறுத்துகிறார்கள். தண்ணீர் ஓட வேண்டுமென்று சரிவாகப் பூசிய தரை. விற்றவர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள், சமம் பார்க்கவில்லை. ஆண்டுக்கணக்காக ஆடி ஆடி ஆணி கழன்றது.

அயலில் ஒரு மேசனிடம் நீர்மட்டம் இரவல் வாங்கிக் கால்களைச் சமப்படுத்தி, பூட்டாணிகளை இறுக்கினேன். 13ஆம் இலக்க ஸ்பானரால் கல்லை மீண்டும் பூட்டினேன். அளவுக்கு மீறி இறுக்கினால் சீமெந்து வெடிக்கும், அதனால் நிதானமாக. கீழே பம்பின் வடியைத் திறந்தபோது அரைக்கோப்பை அழுக்குத் தண்ணீரும், இரண்டு நாணயங்களும், ஒரு கொண்டை ஊசியும், குறுணிக் கற்களும் வந்தன. செலவு: தேய்ந்த வாசருக்குப் பதிலாகச் சைக்கிள் கடையில் வாங்கிய இரண்டு வாசர்கள். நேரம்: ஒன்றரை மணித்தியாலம்.

ஒட்டி மூடிய தொட்டி

‘ஒரு தடவை நீங்கள் சொன்னது சரியாகப் போயிற்று; உண்மையிலேயே பேரிங் போயிருந்தால்?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உண்மையான குற்றவாளி அங்கேதான் ஒளிந்திருக்கிறான்.

பேரிங் என்பது உலகெங்கும் ஒரே அளவில் செய்யப்படும் பொருள். 6204, 6205, 6206 என்று அதன் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52, அகலம் 15. யப்பானில் செய்தாலும் சுவீடனில் செய்தாலும் அதே அளவு. சலவை இயந்திரங்களில் பரவலாக இருப்பவை இந்த வரிசையைச் சேர்ந்தவைதாம். கிளிநொச்சியில் நீர்ப்பம்பி உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றில் விசாரித்தேன். கடைக்காரர் எழும்பாமலே கைநீட்டித் தட்டிலிருந்து எடுத்துக் காட்டினார்.

அப்படியானால் ஏன் ‘திருத்த ஏலாது’? பேரிங் இருப்பது வெளித்தொட்டியின் பின்பகுதியில். முன்னர் அந்தத் தொட்டியை இரண்டு பாதிகளாகச் செய்து ஆணிகளால் பூட்டினார்கள். ஆணிகளைக் கழற்றினால் திறக்கலாம். பேரிங்கையும் சீலையும் தட்டி எடுத்துப் புதியதைப் போடலாம். இன்று பல நிறுவனங்கள் அந்த இரண்டு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகின்றன. செலவு குறைவு, கசிவு இல்லை என்பது அவர்கள் சொல்லும் நியாயம். விளைவு என்ன? சில நூறு ரூபாய்ப் பேரிங் கெட்டால் தொட்டி, உருளை எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். அதன் விலையைக் கேட்டவுடன் நாமே சொல்லிவிடுவோம்: ‘புதுசு எடுப்பம்’ என்று. தீர்ப்பைத் தொழிற்சாலையிலேயே எழுதி, ஒட்டி, மூடி அனுப்புகிறார்கள். காட்சியறைப் பொடியன் அதை வாசித்துக் காட்டுகிறான். அவ்வளவுதான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குக் கழற்றக் கற்பிக்கப்படவில்லை, விற்கக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

இது வன்னிக்கு மட்டுமுரிய வயிற்றெரிச்சல் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. பணக்கார நாடுகளே இதைச் சட்டத்தால் எதிர்க்கத் தொடங்கி ஆண்டுகளாகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி, 2021 மார்ச் முதல், சலவை இயந்திரத்தின் மோட்டர், பம்ப், அதிர்வுதாங்கி, உருளை, பேரிங் முதலிய உதிரிப்பாகங்கள் அந்த மொடலின் விற்பனை முடிந்தபின்னும் குறைந்தது 10 ஆண்டுகளுக்குத் தொழில்முறைத் திருத்துநர்களுக்குக் கிடைக்க வேண்டும். கேட்டால் 15 வேலைநாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பிரான்ஸ் அதே 2021இல், இயந்திரத்தைத் திருத்துவது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு விலைச்சீட்டின் அருகே காட்ட வேண்டுமென்று கட்டாயமாக்கியது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஒரு பணிப்புரையை நிறைவேற்றி, உறுப்பு நாடுகள் அதை 2026 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்த வேண்டுமென்று நாள் குறித்தது. இந்தியா 2022 டிசம்பரில் இதற்கென ஓர் இணையவாசலைத் திறந்தது.

அங்கும் ஓட்டைகள் உண்டு. அந்த ஐரோப்பிய விதியில் பேரிங்கை ‘தனியாகவோ, சேர்த்தோ’ வழங்கலாம் என்றொரு சொற்றொடர் இருக்கிறது. சேர்த்து வழங்கினால் பேரிங் விலை உருளையின் விலையாகிவிடும். அந்த ‘சேர்த்தோ’ யாருடைய வசதிக்கு என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன். ஆயினும் அங்கே சண்டை நடக்கிறது. இங்கே சண்டை நடக்க வேண்டும் என்பதே தெரியவில்லை.

இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003இலிருந்து இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று தனிச்சட்டம் இல்லை. டொலர் இல்லையென்று 2021 செப்ரெம்பரில் வீட்டு மின்சாதனங்கள் உட்பட 623 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு 100 வீத வைப்புப்பணம் கேட்ட நாடு இது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்த நாடு. ஒவ்வொரு சலவை இயந்திரமும் டொலர் கொடுத்து வருகிறது. அதன் ஆயுளை ஐந்து ஆண்டு நீட்டினால் மிஞ்சுவது யாருடைய டொலர்? இறக்குமதிக்கு அனுமதி கொடுக்கும்போதே, ‘பத்து ஆண்டுக்கு உதிரிப்பாகம் வைத்திருப்பாயா? தொட்டி திறக்கக்கூடியதா?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பதற்கு என்ன தடை? தடைப்பட்டியல் எழுதுவதில் இந்த அரசுக்கு அனுபவம் இல்லையென்று எவர் சொல்வார்!

நம் பங்குக் குற்றம்

அரசையும் கம்பனியையும் ஏசிவிட்டு எழுந்துபோவது எனக்கும் சுகமானது. ஆனால் நம் பங்கையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2009 ஒக்ரோபர் 18ஆம் நாள் நெதர்லாந்தின் ஆம்ஸ்ரடாம் நகரில் மார்ட்டின் போஸ்ற்மா என்ற பெண்மணி ‘பழுதுபார்க்கும் கபே’ ஒன்றைத் தொடங்கினார். அவரும் ஒரு பத்திரிகையாளரே. உடைந்த பொருளைக் கொண்டுவாருங்கள், தெரிந்தவர்கள் சேர்ந்து திருத்துவோம், தேநீரும் குடிப்போம் என்பதுதான் திட்டம். இன்று உலகில் அப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் உள்ளன. அதே 2009 ஒக்ரோபரில், உடைந்ததைத் திருத்துவதில் உலகுக்கே பாடம் எடுக்கக்கூடிய மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அவர்களது சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் நீர்ப்பம்பிகளும் முள்ளிவாய்க்கால் மணலில் குவிந்து கிடந்து, பின்னர் பழைய இரும்பாக லொறிகளில் ஏறிப் போயின. பொருட்கள் போனதை நாம் அறிவோம். அவற்றைத் திருத்திய கைகளின் தொழிலும் அந்த லொறிகளில் ஏறிவிட்டதோ என்பதே என் ஐயம்.

வீதி திறந்தது, காட்சியறைகள் வந்தன, தவணை வந்தது, லீசிங் வந்தது. ஒன்றுமே இல்லாதிருந்த வீடுகள் பொருள் வாங்கியதில் எந்தத் தவறும் இல்லை. சலவை இயந்திரம் ஆடம்பரம் என்று சொல்லும் ஆண்மகன் எவனாயினும், ஒரு மாதம் குடும்பத்தின் உடுப்பைக் கல்லில் தோய்த்துவிட்டு வந்து சொல்லட்டும். என் அக்காவுக்கு அது இன்னொரு கை. ஆனால் ஒரு பொருளுக்கான தவணை முடியும் நாளில் அந்தப் பொருளும் முடிந்துபோக, அடுத்த தவணை தொடங்குகிறதென்றால், நாம் வாங்குவது பொருளையல்ல, கடனை மட்டுமே.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா தொலைபேசியில் ‘மெஷின் பழுதாப் போச்சு’ என்றதும் ‘விடுங்கோ, புதுசு எடுங்கோ, காசு போடுறன்’ என்கிறீர்கள். பாசத்தில் குறையில்லை. ஆனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இரவு வேலை செய்து சேர்த்த அந்தப் பணம், ஊரின் திருத்துநருக்குப் போயிருந்தால் அங்கே ஒரு தொழில் வாழும். இப்போது அது இறக்குமதியாளருக்கே போகிறது. அடுத்த முறை ‘யாராவது கழற்றிப் பாத்தவையோ?’ என்று கேளுங்கள். வீடியோவில் அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். ஊரில் திருத்தத் தெரிந்த ஒரு இளைஞனுக்குப் பேரிங் இழுக்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். ஒரு சலவை இயந்திரத்தின் விலையில் ஒரு பட்டறைக்கே கருவி வாங்கலாம்.

கருவியும் ஆளும் இல்லையென்று சொல்லாதீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கேயே 2016 முதல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. ஊருக்கு ஊர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு கூட்டுறவு மண்டபம், நான்கு மாணவர்கள், ஒரு பெட்டி கருவி. உடைந்ததைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாணவர்களுக்குக் கல்வி, மக்களுக்குப் பொருள். ஆம்ஸ்ரடாமில் தேநீரோடு நடப்பது வட்டக்கச்சியில் பிளேன்ரீயோடு நடக்காதா?

சிலர் சொல்வார்கள்: ‘மின்சாரப் பொருள், உயிராபத்து, தெரிந்தவர் செய்யட்டும்’ என்று. ஒப்புக்கொள்கிறேன். மின்சுற்றுப் பலகையில் நானும் கைவைப்பதில்லை. ஆனால் காலைச் சமப்படுத்தவும், வடியைக் கழுவவும், உருளையை அசைத்துப் பார்க்கவும், சத்தம் எப்போது வருகிறதென்று குறித்துவைக்கவும் எந்தப் பட்டமும் தேவையில்லை. அவ்வளவு தெரிந்தாலே, வருகிறவன் திறந்து பாராமல் தீர்ப்புச் சொல்லத் தயங்குவான். ‘உருளை ஆடுதோ எண்டு பாத்தனியோ தம்பி?’ என்று ஒரு தாய் கேட்டால் போதும். பாதிப் பொய் அங்கேயே நின்றுவிடும்.

வேறு சிலர், ‘பழையதை எத்தனை நாள் இழுப்பது?’ என்பார்கள். இழுக்கச் சொல்லவில்லை. இறந்ததை அடக்கம் செய்யுங்கள். இறந்ததா என்று நாடி பிடித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்கிறேன்.

அன்று மாலை இயந்திரத்தை ஓடவிட்டோம். அக்கா பத்தித் தூணைப் பிடித்துக்கொண்டு தள்ளியே நின்றார். தோய்த்தது; தண்ணீர் போனது; பிழியும் சுற்றுத் தொடங்கியது. உருளை வேகமெடுத்தது. மூடியின் மேல் பேத்தி ஒரு தேநீர்க் கோப்பையை வைத்தாள். கோப்பையில் தண்ணீர் சிலிர்த்தது, சிந்தவில்லை. சீரான ஓர் இரைச்சல், பிறகு அதுவும் அடங்கியது. அக்கா அருகே வந்து மூடியில் இடக்கையை வைத்துப் பார்த்தார்.

“இவ்வளவுதானோ தம்பி?” என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, “நான் ஏழு மாதம் கல்லில தோய்ச்சனான்” என்றார்.

அந்த ஏழு மாதத்துக்கு யார் பொறுப்பு? ஒட்டி மூடிய தொட்டியைச் செய்தவனா, திறந்து பாராமல் தீர்ப்பெழுதியவனா, சட்டம் இயற்றாதவனா, பணம் அனுப்பினால் கடமை முடிந்ததென்று எண்ணிய நாமா? எல்லோரும்தான். ஆனால் முதலாவதாகத் திருந்தக்கூடியவர்கள் நாம். ஆகவே, உங்கள் வீட்டில் படங்கு போட்டு மூடிய இயந்திரம் ஏதும் நின்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படங்கை விலக்குங்கள். செருகியைக் கழற்றிவிட்டு, உருளையைக் கையால் ஒருமுறை சுழற்றிக் காதை வையுங்கள்.